நேதாஜிக்கு நகை கொடுத்தவர்களும் நாலாயிரம் வெள்ளி கட்டிய தம்பியும்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "என் தம்பிக்கு 27 வயது. ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரின் இலவசக் கூட்டத்துக்கு நண்பர் கூப்பிட்டார் என்று போனான். இப்போது நாலாயிரம் வெள்ளி கட்டி அவருடைய 'உள்வட்டத்தில்' சேர்ந்துவிட்டான். வார இறுதி முழுக்க அங்கேதான். ஏதாவது சொன்னால், 'நேதாஜி கேட்டபோது இதே சிங்கப்பூரில் நம் பாட்டிமார் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள், அவர்களும் ஏமாளிகளா?' என்று திருப்பிக் கேட்கிறான். ஒரு மனிதர் பின்னால் இத்தனை பேர் எப்படிப் போகிறார்கள் அண்ணா? நல்ல தலைவர் பின்னால் போவதும் இதுவும் ஒன்றா?"

உங்கள் தம்பி கெட்டிக்காரர். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். பின்னால் போகிற விதத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை ஒப்புக்கொள்ளாமல் அவரோடு வாதாடினால் நீங்கள்தான் தோற்பீர்கள்.

தலைவர் எதையோ கொடுப்பதால் கூட்டம் சேர்கிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நம்பிக்கை கொடுக்கிறார், தைரியம் கொடுக்கிறார், சில நேரம் அரிசியும் பணமும் கொடுக்கிறார். நான் படித்ததையும் பார்த்ததையும் வைத்துச் சொன்னால் விஷயம் தலைகீழ். உயிரைக் கொடுக்கிற அளவுக்கு ஆட்களைச் சேர்த்தவர்கள் எல்லோரும் முதலில் ஏதாவது கேட்டவர்கள்தான். கேட்டதைக் கொடுத்தவருக்கு அந்த இயக்கம் சொந்தமாகிவிடுகிறது. சீட்டில் ஆறு மாதம் கட்டியவர் ஏழாம் மாதம் சந்தேகம் வந்தாலும் சட்டென்று நிறுத்திவிடுவாரா? அதே கதைதான்.

நேதாஜியையே எடுத்துக்கொள்வோம். 1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இறங்கினார். 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் நடந்த கூட்டத்தில் ராஷ் பிஹாரி போஸ் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை அவரிடம் ஒப்படைத்தார். மறுநாள் பாடாங்கில், இப்போது தேசிய கலைக்கூடமாக இருக்கும் நகர மண்டபத்துக்கு எதிரே, இந்திய தேசிய ராணுவ வீரர்கள் அணிவகுத்து நின்றார்கள். பலர் ஆங்கிலேயர் படையில் இருந்து, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டவர்கள். மோகன் சிங் தலைமையில் ஒருமுறை கட்டப்பட்ட அந்தப் படை, அந்த ஆண்டு கடைசியிலேயே கலைந்தும் போயிருந்தது. ஒருமுறை நம்பி ஏமாந்தவர்கள் அவர்கள்.

அவர்களிடம் போஸ் என்ன சொன்னார்? சம்பளம், பதவி, சொந்த ஊரில் நிலம் என்றெல்லாம் பேசவில்லை. இப்போதைக்கு என்னால் தர முடிந்தது பசி, தாகம், துன்பம், நெடுந்தூர நடை, சாவு ஆகியவைதான் என்றார். இருட்டிலும் வெளிச்சத்திலும் உங்களோடு இருப்பேன் என்றார். தில்லிக்கு நடப்போம் என்றார். ஜூலை 9 அன்று அதே பாடாங்கில் பொதுமக்களிடம் பேசியபோதும், ஆள் வேண்டும், பணம் வேண்டும், பெண்களும் துப்பாக்கி ஏந்த வர வேண்டும் என்று கேட்கத்தான் செய்தார்.

அவர் பேசியது ஹிந்துஸ்தானியில். கூட்டத்தில் இருந்த தமிழர்களில் பெரும்பாலோருக்கு அது புரியாத மொழி. மேடையில் இன்னொருவர் தமிழில் பெயர்த்துச் சொன்ன பிறகுதான் விஷயமே தெரியும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஆட்கள் பேச்சுக்கு மயங்குகிறவர்கள், அடுக்குமொழியில் யார் பேசினாலும் பின்னால் போய்விடுவார்கள் என்று நாமே நம்மைக் கேலி செய்துகொள்வதுண்டு. இங்கே அடுக்குமொழியும் இல்லை, எதுகை மோனையும் இல்லை. இருந்தும் நகைகள் கழன்றன. அதுவரை சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த சென்னைப் பெண் டாக்டர் லட்சுமி, சில நாட்களில் பெண்களைத் திரட்டி, அவர்கள் கையில் துப்பாக்கியோடு போஸுக்கு அணிவகுப்பு மரியாதை கொடுக்க வைத்தார். ஜான்சி ராணி படை அப்படித்தான் பிறந்தது. அதில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டத்துப் பெண்கள். பலர் இந்தியாவைக் கண்ணாலேயே பார்த்ததில்லை.

காலையில் பால் வெட்டி, கங்காணியிடம் திட்டு வாங்கி, லயத்து வீட்டில் படுத்து எழுந்த ஒரு பெண்ணிடம் அதற்குமுன் யார் எதைக் கேட்டிருப்பார்கள்? வேலை வாங்கினார்கள், அவ்வளவுதான். 'உன் உதவி இல்லாமல் இது நடக்காது' என்று ஒருவர் அவளிடம் முதன்முறையாகச் சொல்கிறார். அவள் கழற்றிக் கொடுத்த ஒற்றைத் தோட்டை வாங்கிக்கொண்டு, அவளை ஒரு நாட்டின் சிப்பாய் என்று கூப்பிடுகிறார். கொடுத்ததற்குப் பதிலாக அவளுக்குக் கிடைத்த மதிப்பை எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

கேட்பதற்கு ஒரு தகுதியும் வேண்டும். அந்தத் தகுதியை போஸ் எப்படிச் சம்பாதித்தார் என்பதற்கு, அவரோடு கூடவே இருந்த ஆபித் ஹசன் பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. சிங்கப்பூர் செட்டியார் கோயிலில் விழாவுக்கு அழைத்தார்கள். இயக்கத்துக்குப் பணம் தரக்கூடிய ஆட்கள் அவர்கள். எல்லாச் சாதிக்காரரும் எல்லா மதத்தாரும் உள்ளே வர முடியாத இடத்துக்கு நானும் வரமாட்டேன் என்று போஸ் மறுத்துவிட்டார். நிர்வாகத்தார் இறங்கிவந்து, எல்லோருக்கும் சேர்த்து ஒரு கூட்டமாகவே அதை நடத்த ஒப்புக்கொண்டார்கள். முஸ்லிம்களான ஆபித் ஹசனையும் தளபதி கியானியையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு உள்ளே போனார். மூவர் நெற்றியிலும் திலகம் வைத்தார்கள். வெளியே வந்ததும் போஸ் தன் நெற்றியைத் துடைத்தார். மற்ற இருவரும் துடைத்துக்கொண்டார்கள். பணம் வரும் இடத்தில் நிபந்தனை போட்ட ஆளைப் பார்த்தவர்களுக்கு அப்புறம் வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

கதையை இதோடு நிறுத்தினால் நானும் உங்கள் தம்பியின் பேச்சாளரைப் போல ஆகிவிடுவேன். மறுபக்கமும் இருக்கிறது.

வந்தவர்கள் எல்லோரும் பக்தியால் வரவில்லை. அந்த நேரம் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பிடித்து சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. படையில் சேர்ந்தால் அந்த மரண ரயிலில் இருந்து தப்பலாம், ரேஷன் கிடைக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. போர்க்கைதி முகாமில் சாவதைவிட இது மேல் என்று வந்த சிப்பாய்களும் உண்டு. அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு கூட்டத்தில் நிற்கிற ஒவ்வொருவரும் தன் சொந்தக் காரணத்தோடுதான் நிற்கிறார். அத்தனை காரணங்களுக்கும் ஒரே பெயரை வைக்கத் தெரிந்தவர்தான் தலைவராகிறார்.

கேட்பதும் எப்போதும் கனிவாக இருந்துவிடவில்லை. பணக்கார வியாபாரிகள் தயங்கியபோது, 1943 அக்டோபரில் அவர்களைக் கூப்பிட்டு, போர்க்காலத்தில் தனிச் சொத்து என்று ஒன்று கிடையாது என்ற பொருளில் போஸ் கண்டிப்பாகப் பேசினார். சொத்தில் இவ்வளவு பங்கு என்று விதிக்கவும் செய்தார்கள். பின்னால் ஜப்பானியர் ஆட்சி இருக்கும்போது அப்படிக் கேட்பதற்குப் பெயர் நன்கொடை அல்ல. 1944இல் இம்பால் போர்முனையில் ஜப்பானியர் கணக்கு தப்பியது. உணவு வரவில்லை, மழை பிடித்துக்கொண்டது. அந்தப் படையில் குண்டடிபட்டுச் செத்தவர்களைவிடப் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் அதிகம். பசியும் சாவும்தான் தருவேன் என்ற வாக்கு அப்படியே பலித்தது. 1945 ஆகஸ்ட் 18 அன்று தைப்பேயில் விமான விபத்தில் போஸ் இறந்த செய்தியைப் பின்னால் எத்தனையோ பேர் பல பத்தாண்டுகள் நம்ப மறுத்தார்கள். பிள்ளையையும் நகையையும் கொடுத்தவருக்கு, வாங்கிக்கொண்டவர் ஒரு விபத்தில் போய்விட்டார் என்பது ஏற்றுக்கொள்ளக்கூடிய முடிவாகவே படவில்லை.

மேக்ஸ் வெபர் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் நூறு வருடத்துக்கு முன்பே இதைத் தொட்டிருக்கிறார். இந்த வசீகரம் தலைவரின் உடம்பில் இருக்கும் குணம் என்பதைவிட, மற்றவர்கள் அதை அங்கீகரிப்பதில்தான் அது உயிர்வாழ்கிறது என்பது அவர் கருத்து. டென்மார்க்கில் 2010 வாக்கில் நடந்த ஓர் ஆய்வு இதைக் கண்ணெதிரே காட்டியது. பக்தியுள்ள கிறிஸ்தவர்களுக்குப் பிரார்த்தனைப் பதிவுகளைப் போட்டுக்காட்டினார்கள். பேசுகிறவர் நோய் தீர்க்கும் வரம் பெற்றவர் என்று சொல்லிப் போட்டபோது, கேட்பவர்களின் மூளையில் எடைபோட்டுப் பார்க்கும் வேலையோடு தொடர்புடைய பகுதிகளின் இயக்கம் குறைந்தது. பேசியவர்களோ சாதாரண ஆட்கள்தான்! முன்னால் சொல்லிவைத்த அறிமுகம்தான் வேலை செய்தது. உங்கள் தம்பி போன கூட்டத்திலும் பேச்சாளர் வருவதற்கு முன்னால் யாராவது அரை மணி நேரம் அவருடைய பெருமையைப் பேசியிருப்பார். அது நேரத்தை ஓட்டுவதற்காக என்று நினைக்க வேண்டாம்.

கேட்காமல் கொடுத்தே கூட்டம் சேர்த்தவர் இல்லையா என்றால், இருந்தார். ஓங் எங் குவான். 1957 டிசம்பரில் சிங்கப்பூர் நகர மன்றத்தின் மேயர் ஆனவர். வெடி, ஆரவாரம், வந்த வேகத்தில் மன்றத்தின் செங்கோலைத் தூக்கி ஓரங்கட்டினார், வெள்ளைக்கார அதிகாரிகளைப் பொதுவில் வறுத்தெடுத்தார், கம்பத்துக் கிராமங்களுக்குத் தண்ணீர்க் குழாயும் விளக்கும் போட்டார். 1960இல் மக்கள் செயல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 1961இல் ஹொங் லிம் தொகுதி இடைத்தேர்தலில் நின்று, ஆளும் கட்சிக்கு எதிராக 73 விழுக்காடு வாக்கு வாங்கினார். 1965இல் பதவி விலகினார். அதே ஆண்டு ஜூலையில் அதே தொகுதி மக்கள் செயல் கட்சியிடம் போய்விட்டது. இன்று இளைஞர்கள் பத்துப் பேரிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அதற்குள் அரசாங்கத்தின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகள் எழும்பத் தொடங்கியிருந்தன. இன்னும் அதிகமாகக் கொடுக்க ஆள் வந்ததும் கூட்டம் நகர்ந்துவிட்டது என்றே நான் படிக்கிறேன். வேறு விதமாகப் படிக்கிறவர்களும் உண்டு.

நல்லவிதமாகக் கேட்டவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. திருவாரூர்க்காரர், 1924இல் இங்கே வந்தவர். பெரியாரின் கருத்துகளில் ஊறியவர். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். அவர் மக்களிடம் கேட்டவற்றைப் பாருங்கள்: கள்ளை விடு என்றார். சாதியை விடு என்றார். 1952இல் தமிழர் திருநாளை ஆரம்பித்து, கோயில் வேறு, மசூதி வேறு, தேவாலயம் வேறு என்றிருந்த தமிழர்களை ஒரே மேடைக்கு வா என்றார். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வுத் துறையில் சமஸ்கிருதமா தமிழா என்ற பேச்சு வந்தபோது, 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். கூலித் தொழிலாளர்களும் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். 1957க்குப் பிறகு, குடியுரிமைக்கு விண்ணப்பம் போடு என்று ஊர் ஊராகச் சொன்னார். இதில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன். 'கொஞ்சம் சம்பாதித்துவிட்டு ஊருக்குப் போய்விடுவேன்' என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரிடம், அந்த நினைப்பை விட்டுவிடு என்று கேட்பது நகையைக் கேட்பதைவிடக் கடினம். படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று இங்கே தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கிறார்கள்.

அதே சாரங்கபாணியின் பத்திரிகையில் 1963இல் ஊழியர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழ் முரசு மாதக்கணக்கில் நின்றது. அங்கிருந்து பிரிந்தவர்கள் தமிழ் மலர் என்று போட்டிப் பத்திரிகையே தொடங்கினார்கள். அவரைத் தெய்வமாக்குகிற மேடைப் பேச்சுகளில் இது வராது. எனக்கோ அவரை நல்ல தலைவர் பட்டியலில் வைக்க இதுவே போதுமான காரணம். அவர் பக்கத்தில் இருந்துகொண்டே அவரை எதிர்த்து நிற்க முடிந்தது. எதிர்த்தவர்கள் தமிழ்ச் சமூகத்துக்கு வெளியே தூக்கி எறியப்படவில்லை.

இப்போது அதன் மறுகோடிக்கு வருவோம். தேசிய சிறுநீரக அறநிறுவனத்தை டி.டி.துரை நடத்திய காலம். அவருக்கு உரியதை முதலில் கொடுத்துவிட வேண்டும்: ரத்தச் சுத்திகரிப்புக்குக் காசில்லாமல் இருந்தவர்களுக்குத் தீவு முழுக்க நிலையங்கள் வந்தது அவர் காலத்தில்தான். தொலைக்காட்சியில் நட்சத்திரங்கள் உயிரைப் பணயம் வைத்து சாகசம் செய்வார்கள், நாம் வீட்டிலிருந்து போன் அடிப்போம், சில வெள்ளி போகும். கேட்பதில் அவரை மிஞ்சிய ஆள் இந்த ஊரில் இல்லை. 1990களில், அவர் விமானத்தில் முதல் வகுப்பில் பறந்ததாகச் சொன்ன இருவர்மீது வழக்குப் பாய்ந்தது. மன்னிப்புக் கேட்டு, பணமும் கட்டினார்கள். 2004இல் ஒரு நாளிதழ் அவர் அலுவலகக் குளியலறையின் தங்க முலாம் பூசிய குழாயைப் பற்றி எழுதியது. அதன்மீதும் வழக்கு. 2005 ஜூலையில் அந்த வழக்கு விசாரணைக்கு வந்தது. ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் வெள்ளி சம்பளம், கையிருப்பில் 262 மில்லியன் வெள்ளி என்று எல்லாம் சாட்சிக் கூண்டில் வெளிவந்தது. முதல் வகுப்பில் பறந்ததையும் ஒப்புக்கொண்டார். இரண்டாம் நாளே வழக்கைத் திரும்பப் பெற்றார். சில நாட்களில் நிர்வாகமே விலகியது. ஆயிரக்கணக்கானோர் மாதச் சந்தாவை ரத்து செய்தார்கள். 2007இல் அவருக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சில வெள்ளி கொடுத்தவர்களால் உடனே வெளியே வர முடிந்தது. முழு வாழ்க்கையையும் கொடுத்தவர்களால் அப்படி வர முடிவதில்லை. 2015இல் சிட்டி ஹார்வெஸ்ட் தேவாலயத்தின் நிறுவனர் உட்பட ஆறு பேர் சுமார் 50 மில்லியன் வெள்ளித் தேவாலயப் பணம் தொடர்பாகக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அப்போதும் பெரும் கூட்டம் அங்கேயே தங்கியது. நண்பர்கள், கல்யாணம், பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அங்கேதான் என்றால், வெளியேறி எங்கே போவது? அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆக, தம்பியின் கேள்விக்குப் பதில் இதுதான்: நகை கொடுத்த பாட்டியும் அவரும் ஒரே விதமாகத்தான் கொடுத்தார்கள். மனிதர்கள் கொடுக்கிற விதம் அது. வித்தியாசம் வாங்கிய கையில் இருக்கிறது. பாட்டி கொடுத்தது போர்முனைக்குப் போனது. கேட்டவரும் அதே ஆபத்தில் நின்றார், அதிலேயே செத்தார். போர் சரியா, ஜப்பானியரோடு சேர்ந்தது சரியா என்று நாம் சண்டை போடலாம், நானே போடுவேன். நாலாயிரம் வெள்ளி எங்கே போனது? கேட்டவர் தன் பங்குக்கு எதை இழந்தார்?

இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்காதீர்கள், அவரைக் கேட்க வையுங்கள். வீட்டில் எல்லோரும் கூடிக் கேலி செய்தால், அவமானத்தையும் தாங்கி நின்றேன் என்பதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார். அங்கே போகக்கூடாது என்று தடுப்பதும் அப்படித்தான். 'நல்லது, போய்வா. அடுத்த வகுப்பில் ஒன்று மட்டும் கேள்: முழுப் பணத்தையும் திருப்பித் தர என்ன நிபந்தனை, எழுத்தில் கிடைக்குமா?' என்று அனுப்புங்கள். எழுத்தில் கொடுத்தார்கள் என்றால் பாதி பயத்தை விடலாம். கேட்டவனைப் பார்த்து 'உனக்கு இன்னும் பழைய மனநிலை போகவில்லை' என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள் என்றால், அவரே வீட்டுக்கு வரும் வழியில் யோசிப்பார். அப்போது 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

ரசீதை வாங்கிப் பாருங்கள். அதில் இருக்கும் நிறுவனத்தின் பெயரை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவின் (ACRA) இணையத்தளத்தில் போட்டால் பதிவு உண்டா, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். அறநிறுவனம் என்று சொல்லிக்கொண்டால் அதற்கான அரசாங்க இணையவாசலில் தேடுங்கள். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் என்ற பேச்சு எங்காவது வந்ததா என்று குறிப்பாகக் கேளுங்கள். பிரமிடு விற்பனைக்கு எதிரான சட்டம் இங்கே 1973லிருந்தே இருக்கிறது, தம்பியே நண்பர்களைச் சேர்த்துவிட்டிருந்தால் அவருக்கும் அது தலைவலியாகலாம். மோசடி என்று சந்தேகம் வந்தால் 1799க்கு அழைக்கலாம். வெறும் பணத் தகராறு என்றால் 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அதனால் ரசீதைத் தம்பியிடமே விட்டுவைக்காமல் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.